பந்தியில் கடைசியாய் எழுந்தவனுக்கு

என் பிரியமுள்ள மச்சான் முத்திருளாண்டிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் தங்கச்சியும் நன்றாக இருக்கிறாள். கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுகிறவன் நான், உனக்குத் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள். முதல் வரியிலேயே சண்டை.

“எறந்துபோன பெரியவுகளப் போயி நீ, ஒன்னுன்னு எழுதலாமா மாமா?”

“நீங்கன்னு எழுதுனா, யாருக்கோ வந்த கடுதாசின்னு மடிச்சு வச்சிருவான் தாயி. நான் சொல்றபடி எழுது.”

சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

நேற்று உனக்கு வருசத் திதி. ஒரு வருசமாகத் தொண்டைக்குள் நின்றதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டைக் கிட்டங்கியில் முப்பது வருசம் நீயும் நானும் சேர்ந்து மூட்டை தூக்கினோம். மல்லி, வத்தல், பருத்தி என்று இந்தத் தோள் ஏற்றாத லோடு இல்லை. ஆனால் உன்னைத் தூக்க வேண்டிய அன்றைக்கு அது உதவவில்லை. பாடைக்குத் தோள் கொடுத்து நாலு எட்டு வைத்தேன். முழங்கால் மடங்கிவிட்டது, மூச்சு முட்டியது. யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தெருமுனையில் போட்டார்கள். நீ என்னைத் தாண்டிப் போனாய். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாற்காலிதான் என்னை மதுரை ஆஸ்பத்திரிக்குத் துரத்தியது. சுகருக்கும் முழங்காலுக்கும் உடம்பின் கனம்தான் காரணம், இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டால் எடை இறங்கும் என்றார்கள். “இந்த வயசுல வயித்த அறுத்துக்கிட்டு வந்து நிக்கணுமா?” என்று உன் தங்கச்சி அழுதாள். நான் சரி என்று பெருவிரலை வைத்துவிட்டேன்.

முதல் இரண்டு மாசம் பசியே இல்லை மச்சான். எங்கள் வீட்டுச் சோற்றுப் பானையே அடுத்த வீட்டுப் பானை மாதிரித் தெரிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு, லோடு இறக்கிவிட்டு நாம் புரோட்டாக் கடைக்குப் போவோமே, சரியாக அந்த நேரத்துக்குப் பசி திரும்பி வந்தது. வயிறு கைப்பிடி அளவுதான். பசி மட்டும் பழைய அளவு.

நமக்குத் தெரிந்த வைத்தியம் கம்மங்கூழ்தானே? செம்பு செம்பாக மோரில் கரைத்துக் குடித்தேன். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மறுபடி பசித்தது. மறுபடி குடித்தேன். இறங்கிக்கொண்டிருந்த எடை நின்று, மெல்ல ஏறத் தொடங்கியது. திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் ஒருநாள், பஸ் கிளம்புவதற்குள் மூன்று வடையை மூட்டைக்காரன் வேகத்தில் விழுங்கினேன். நெஞ்சுக்குள் கல் மாதிரி நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் வாந்தியெடுத்தேன். நாற்காலி மறுபடி வருகிறது என்று அன்றைக்குத்தான் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித் தருகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் போய் நின்றேன்.

“என்ன சாப்பிடுறீங்க ஐயா?”

“கூழுதான் தாயி. வடை ஒரே ஒரு நாளு, அதுவும் தங்கல.”

“கரைச்சுக் குடிச்சா வயித்துல நிக்காதுய்யா, ஓடிரும். பயறு, முட்டை, மீனுன்னு கெட்டியா சாப்பிடுங்க. நல்லா மென்னு, ஒரு வாய் எறங்கினப்புறம் அடுத்த வாய எடுங்க. நடுவுல தண்ணி வேண்டாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏன்யா சிரிக்கிறீங்க?”

“இப்பிடித் திங்கிற ஆளு ஒருத்தன் எங்கூடவே இருந்தான் தாயி. நாப்பது வருசமா அவன வஞ்சிருக்கேன்.”

கடைசி ஆள் முடிக்காமல் பந்தி எழக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். எந்தக் கல்யாணத்திலும் காதுகுத்திலும் அந்தக் கடைசி ஆள் நீதான். மொத்தப் பந்தியும் கை காய்ந்துபோய் உன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். “ஏலே, ஒன்னால பந்தியே எந்திரிக்கல. மாடாலே நீ, அசை போடுற?” என்று நான் கத்துவேன். நீ அதற்கும் அவசரப்படமாட்டாய். எல்லோரும் “வயிறு நெறஞ்சிருச்சு” என்று எழுந்தால் நீ மட்டும் “பசி அமந்துருச்சு மாப்ளே” என்பாய்.

நிறைவதும் அமர்வதும் ஒன்றுதான் என்று இருந்துவிட்டேன். சாக்கை நிறைக்கலாம். நான் என் வயிற்றையும் சாக்கு என்று நினைத்தே காலம் பூராவும் நிறைத்திருக்கிறேன். பசியை அமர்த்தத்தான் வேண்டும் என்பது உனக்கு எப்படித் தெரிந்தது? சின்ன வயசில் ஒரு கை சோற்றை நீண்ட நேரம் வைத்துத் தின்ற பழக்கமா? கூடவே இருந்தும் கேட்காமல் போனேனே.

இப்போது என் துண்டு முடிச்சில் அவித்த தட்டாம்பயறு இருக்கிறது, நீ உன் துண்டில் முடிந்து வைத்திருப்பாயே, அதைப் போலவே. ஒவ்வொன்றாக மெல்லுகிறேன். பசி போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். நாலு மணிக்கு இன்றைக்கும் வருகிறது. வந்தால் கண்மாய்க் கரை வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். திரும்பி வந்த பிறகும் இருந்தால் அது பசி, பயறைத் தின்கிறேன். இல்லையென்றால் அது புரோட்டாக் கடை.

ஒரு மல்லி மூட்டைக் கனம் என் மேலிருந்து இறங்கியிருக்கிறது மச்சான். நேற்று அந்தத் தெருமுனையிலிருந்து நீ போன பாதையிலேயே நடந்தேன். நடுவில் எங்கும் உட்காரவில்லை. உன்னை எரித்த இடத்தில் என் கையால் பால் ஊற்றினேன். உனக்குத் தோள் கொடுத்ததாக அது ஆகாது, தெரியும். ஆனாலும் வந்து சேர்ந்தேன்.

மத்தியானம் உன் வீட்டில் பந்தி. உன் மகன்தான் பரிமாறினான். “கொஞ்சமா வச்சிருக்கேன் மாமா, நெதானமாச் சாப்பிடுங்க” என்றான். இலையில் ஒரு கை சோறும் மொச்சைக் குழம்பும். மென்றேன். பக்கத்து இலைகள் எல்லாம் வழித்தாகிவிட்டது. நான் மொச்சையை மென்றுகொண்டே இருந்தேன். வரிசைக் கடைசியிலிருந்து கிட்டங்கி மாரி கத்தினான்:

“ஏலே சோலை, ஒன்னால பந்தியே எந்திரிக்கல!”

அது யார் யாரைச் சொன்ன சொல் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மாரி நாக்கைக் கடித்துக்கொண்டான். அடுப்படி வாசலில் நின்ற உன் தங்கச்சிதான் முதலில் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அப்புறம் பந்தி முழுக்கச் சிரிப்பு. ஆனால் ஒருத்தரும் எழவில்லை. எனக்காகக் கை காய உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி வாயை மென்று முடித்துவிட்டுச் சொன்னேன்: “பசி அமந்துருச்சு.”

இனி எந்தப் பந்தியிலும் கடைசியாக எழுகிறவன் நான்தான் மச்சான், அந்த இடத்தை வேறு ஆளுக்கு விடமாட்டேன். உன்னிடம் வருவதற்கும் அவசரப்படமாட்டேன். நீ எனக்கு இடம் போட்டு வை. மெதுவாகவே வாரேன்.

இப்படிக்கு,
உன்னை வைதே வளர்ந்த மாப்பிள்ளை,
உன் தங்கச்சி புருசன் சோலைச்சாமி
(பெருவிரல் வைத்தது)