குளக்கரையில் இரண்டு ஏக்கர்

செருப்பைக் கழற்றியதும் வீடெல்லாம் குளத்து மண் வாசனை. இன்று தரகரோடு நிலம் பார்க்கப் போயிருந்தேன். நீங்கள் போன பிறகு இதுதான் முதல் தடவை. மண்ணைக் கழுவ மனம் வராமல் வாசலில் அப்படியே விட்டுவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நமக்கு இந்த நிலப் பைத்தியம் பிடித்ததற்குத் திண்டுக்கல் குழாய்தான் காரணம். அந்த வாடகை வீட்டில் தண்ணீர் எப்போது வரும் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். வந்த நாளில் தெருவே குடத்தோடு சண்டைக்கு நிற்கும். ஒருநாள் நான் நசுங்கிய குடத்தோடு அழுதுகொண்டு வந்தேன். "கொளத்தங்கரையில ரெண்டு ஏக்கர் பாப்போம்மா. வாசலத் தொறந்தா தண்ணி தெரியணும்" என்றீர்கள். பூட்டுக் கடை வருமானத்தையும் என் டீச்சர் சம்பளத்தையும் வைத்துக்கொண்டு இந்த மனிதருக்கு ஜமீன் ஆசையா என்று சிரித்தேன். பிறகு அந்த ஆசை உங்களைவிட எனக்கு முற்றிப்போனது.

ஞாயிறு பூசை முடிந்ததும் மொபெட்டில் கிளம்பிவிடுவோம். ஊர் உலகத்தில் நிலம் வாங்குகிறவர்கள் பட்டாவைப் பார்ப்பார்கள், கிணற்றைப் பார்ப்பார்கள். நீங்கள் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவீர்கள். "தூக்கம் வந்தாத்தான் நம்ம எடம்." நிலத்துக்காரர்கள் திகைத்துப்போய் என்னைப் பார்ப்பார்கள். "அவுக நெலம் பாக்குறாக" என்று சமாளிப்பேன். சின்னாளப்பட்டிப் பக்கம் எறும்பு விடவில்லை. இன்னொரு இடத்தில் லாரிச் சத்தம்.

மழை பொய்த்துக்கொண்டே இருந்த வருடங்களில்தான் பாலசமுத்திரத்துக்கு அருகே அந்த இடம் அமைந்தது. குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரையை ஒட்டித் தென்னையோடு இரண்டு ஏக்கர். வறட்சியால் விலை நம் கைக்கு எட்டியது. புங்க மரத்தடியில் படுத்த நீங்கள் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. அதற்குள் நான் மனதுக்குள் வீட்டைக் கட்டி, சமையலறை ஜன்னலைக் குளத்தைப் பார்த்து வைத்துவிட்டேன்.

"தேங்கா வெட்டு முடியட்டுங்க, கிரயம் பண்ணிக்கலாம்" என்றார் நிலத்துக்காரர். வாய்ப்பேச்சுதான். நமக்குப் பொறுமை இருந்தால்தானே? குடிபோகும்போது குளத்தில் தண்ணீர் வேண்டுமே என்று கோயிலில் மழைக்குப் பூசை வைத்தோம். விலை இறங்கியதே வறட்சியால்தான் என்பது நம் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

ஆண்டவர் கேட்டுவிட்டார். குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. சந்தோஷமாக ஓடிப்போய் நின்ற நம்மிடம் இளநீரை வெட்டிக் கொடுத்துவிட்டு நிலத்துக்காரர் தரையைப் பார்த்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. கொளம் ரொம்பிப் போச்சுங்க. இனி எப்படிங்க விக்க மனசு வரும்?"

எனக்கு வசவு வாய்வரை வந்தது. நீங்களோ தண்ணீரைப் பார்த்தபடியே, "அதுக்கென்னண்ணே, நல்லா வெள்ளாம பண்ணுங்க" என்றீர்கள். திரும்பும் வழியில், "நாம கேட்ட மழைதானம்மா. பேஞ்சிருச்சுல்ல" என்று எனக்குச் சமாதானம் வேறு. நான் உங்கள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் சட்டை நனைந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகும் பல கரைகளுக்குப் போனோம். எங்கேயும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. கடைசியில் அந்த வாடகை வீட்டிலேயே, குடங்களை ஒதுக்கி இடம் பண்ணி உங்களைக் கிடத்தினோம். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று பார்த்தது ஆத்தூர்ப் பக்கம். குறை சொல்ல எதுவும் இல்லை. குளத்தில் தண்ணீர் நிற்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. "என்ன டீச்சர், முடிச்சிருவமா?" என்றார் தரகர்.

"அவுகளக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

உங்கள் அடக்கத்துக்கு வந்தவர்தான் அவர். கையிலிருந்த பட்டா நகலை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "சரிங்க டீச்சர். கேட்டுட்டே சொல்லுங்க" என்றார்.

இடம் எனக்குப் பிடித்திருக்கிறதுங்க. அவருக்கு என்ன சொல்லட்டும்?