போர்வையை எடுத்த பியானோ

என் அன்புச் சண்டைக்காரி ஜெசிந்தாவுக்கு,

வெடிச்சத்தம் நின்று நான்கு மாதமாகிறது. கோயில் மண்டபத்துக்கு எதிரே இருந்த சென்றிக் காவலரணைப் போன கிழமை ஆமி கழற்றிக்கொண்டு போய்விட்டது. சத்தம் கேட்டால் விசாரிக்க வருவார்கள் என்று மண்டபத்துப் பியானோவுக்குள் நாம் திணித்த போர்வையை நேற்று வெளியே எடுத்தேன். பாதியை எலி தின்றிருந்தது. எத்தனை வருடம் எல்லாவற்றையும் முணுமுணுப்பாகவே வாசித்தோம்!

வருகிற மாதம் உன் ஆண்டு நினைவுப் பூசை. உனக்குப் பிடித்த அந்த மெதுவான இசைத் துண்டை வாசிக்க வேண்டும். ஆனால் எந்தப் புத்தகத்தின்படி?

நம்மிடமிருந்த இரண்டு பழைய பதிப்புகளும் ஒரே இடத்தில்தான் முரண்பட்டன. ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் கூராக முடியும் சின்னக் குறி. ஜெர்மனியில் அச்சான புத்தகத்தில் அது ஒரே சுரத்தின் மேல் குட்டையாக இருந்தது. அழுத்தி வாசி என்று பொருள். லண்டன் புத்தகத்தில் அதுவே மூன்று சுரங்களுக்கு நீண்டு கிடந்தது. சத்தத்தைப் படிப்படியாகக் குறை என்று பொருள். இசையை எழுதியவரின் கை எவ்வளவு தூரம் இழுத்ததோ தெரியாது, அச்சுக்காரர்கள் ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டார்கள்.

நான் அழுத்தம் என்றேன். "அக்கா, கண்ணைத் திறந்து பாருங்கோ, இது குறைக்கச் சொல்லுற குறி" என்றாய். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிடிவாதத்தில் அம்மாவையே மிஞ்சியவள் நீ. காய்ச்சலோடு முருங்கன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன அன்றும், ஆமி பாதை திறக்கக் காத்திருந்த வான் வண்டிக்குள், "வந்து வாசிச்சுக் காட்டுறன்" என்றாய். நீ வரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை, ஜெசி.

நேற்று ஜன்னல்களைத் திறந்துவைத்து, என் கட்சிப்படி அந்தச் சுரத்தை ஓங்கி அழுத்தினேன். உப்புக்காற்றில் துருப்பிடித்த கம்பிகள்தான், என்றாலும் மண்டபம் நிறைந்தது. அடுத்த இரண்டு சுரங்களை அதற்கு மேல் உயர்த்த விரல் கேட்கவில்லை. அவை தாமாகவே தணிந்து போயின.

இரண்டு புத்தகமும் ஒன்றைத்தான் சொல்லியிருக்கின்றன போலிருக்கிறது. பலமாக எழாத சத்தம் எப்படிக் குறையும்? போர்வை போட்டு வாசித்த நமக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

"ஜெசி, கேட்டியா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். மண்டபம் கூட்டவரும் லூசியா அக்கா விளக்குமாற்றைச் சாத்திவைத்துவிட்டு வந்து உன் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

பூசை முடிந்ததும் வாசிப்பேன். ஜன்னல் ஒன்றைக்கூடச் சாத்த விடமாட்டேன். நான் சொன்னபடி அழுத்தி, நீ சொன்னபடி குறைப்பேன். இது சத்தியம்.

தோற்றதாக இன்னும் ஒத்துக்கொள்ளாத
உன் அக்கா