நான் சொன்ன ஓம்

ஊர்காவற்றுறை
தை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள டெனிஸ்ரனுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்காக மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறோம். இதை எழுதிப் படம் எடுத்து, பிரான்ஸில் உள்ள உங்கள் வேலைக் கந்தோருக்குச் சுதாகரன் அண்ணை மூலம் அனுப்புகிறேன். அங்கிருந்து தென்துருவத்துக்கு எப்போது வந்துசேரும் என்று உங்களுக்கு அந்த வேலை எடுத்துத் தந்த அவருக்கே தெரியவில்லை.

மாமிக்குக் கால்வீக்கம் வற்றிவிட்டது. கிறிஸ்ரினா, தன்னுடைய அப்பா பனிக்கு மேல் ட்ரக்டர் ஓட்டுகிறார், அங்கே இப்போது சூரியன் மறையாது என்று வகுப்பில் சொல்ல, பிள்ளைகள் சிரித்தார்களாம். மகள் அழுதுகொண்டு வந்தாள்.

நீங்கள் போகும்போது எனக்குப் பயம் வரவில்லை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு டீசல் பரலும் அரிசி மூட்டையும் ஏற்றி வள்ளம் ஓட்டினவர்தானே, கடலுக்குப் பதிலாகப் பனி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கப்பல் கரையில் இறக்கும் எண்ணெயையும் சாமானையும் சறுக்குவண்டிகளில் ஏற்றி, உள்ளே ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் இழுத்துக்கொண்டு போவதுதான் உங்கள் வேலை. கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் விளங்கப்படுத்தினேன்.

வெள்ளிக்கிழமை சுதாகரன் அண்ணை போன் எடுத்து, "தங்கச்சி, பயப்பிடாதையும், ஆள் வெளியிலை வந்திட்டார்" என்றார். எதற்குள் இருந்து வெளியே வந்தீர்கள் என்றே எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார், பனிக்கு அடியில் மறைந்திருந்த வெடிப்பில் உங்கள் ட்ரக்டரின் முன்பக்கம் இறங்கிவிட்டது, கூரைக் கதவால் ஏறி நின்ற உங்களை மற்ற ட்ரக்டர்காரர் கயிறு போட்டு இழுத்தார்கள் என்று. எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். "அடி தெரியேல்லையாம்" என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது நீங்கள் எடுத்தீர்கள். உங்கள் குரல் கேட்டதும் அழுகைதான் வந்தது. நீங்கள் சொன்னதில் பாதிதான் கேட்டது. விலாவில் அடிபட்ட நோ இருக்கிறது. கரைக்குக் கொண்டுபோகச் சின்னப் பிளேன் வருகிறது. ஆனால் நீங்கள் போனால் ஓட்ட ஆள் இல்லை, எண்ணெயில் ஒரு பங்கை வழியில் விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் போகவேண்டும், குளிர்காலம் முழுக்க அங்கே தங்குகிறவர்களுக்கு மிச்ச எண்ணெய் போதாது. பிறகு ஒரே இரைச்சல். "நிமலினி, நான்" என்றது கேட்டது. கடைசியில் "ட்டோ" என்பது மட்டும் கேட்டது. என்னவென்று விளங்காமலே, சரி என்பதாக நான் "ஓம், ஓம்" என்றேன். லைன் அறுந்துவிட்டது.

நீங்கள் கேட்டது வீட்டுக்கு வரட்டோ என்றா, எண்ணெயோடு போகட்டோ என்றா?

திரும்ப எடுத்தால் அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. மாமியிடம் சொன்னேன். "வரட்டோ எண்டுதான் பிள்ளை கேட்டிருப்பான்" என்று உங்கள் அறையைக் கூட்டத் தொடங்கிவிட்டா. என்னுடைய அப்பாவோ, "அங்கை குளிருக்குள்ளை சனம் பாத்துக்கொண்டு இருக்கேக்கை அவன் விட்டிட்டு வரமாட்டான்" என்கிறார். இரண்டு பேரும் உங்களை அறிந்தவர்கள். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. அந்த முகம் தெரியாத ஆட்கள் அணைந்துபோன அடுப்பைச் சுற்றி இருப்பதுபோல ஒரு நேரம் தெரிகிறது. அடுத்த நிமிடம், அவர்கள் எனக்கு யார் என்று கோபம் வருகிறது. கோபப்பட்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உங்கள் கேள்வி எனக்குச் சரியாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்து யோசித்துத் தலை இடிக்கிறது.

இவ்வளவும் எழுதி வைத்திருக்க, இப்போது சுதாகரன் அண்ணை திரும்ப எடுத்தார். பிளேன் வெறுமையாகத் திரும்பிவிட்டதாம். நீங்கள் வேறொரு ட்ரக்டரில், வரிசையின் கடைசியில் போகிறீர்களாம். கந்தோர்க்காரர் ஏன் என்று கேட்டதற்கு, "வீட்டிலை ஓம் எண்டு சொல்லிப்போட்டா" என்றீர்களாம்.

மாமி விளக்குமாற்றைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறா.

சரி. அது நான் சொன்ன ஓம்தான். கந்தோர்க்காரரிடம் அப்படியே இருக்கட்டும், மாற்றிச் சொல்லவேண்டாம். விலாவைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். முன்னால் போனவனின் தடத்தை விட்டு ஒரு சாண் விலகாதீர்கள். மாதா உங்கள் ட்ரக்டருக்கு முன்னால் நடந்து போகட்டும்.

எண்ணெயை இறக்கிக் கொடுத்த பிறகு எடுங்கோ. அப்போது ஒன்றும் கேட்கவேண்டாம். லைன் கிடைத்தவுடன் நானே முதலில் சொல்கிறேன், வாங்கோ என்று.

உங்கள் அன்பு மனைவி
நிமலினி