அம்மாவின் டாஃபடில்களை அறுத்துவிட்டேன்

மினசோட்டா
ஜூன் 11

அன்பு மகள் சிக்னேவுக்கு,

நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அலாஸ்காவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டோம். போன வாரம் அம்மாவின் மார்பிலிருந்து ஒரு கட்டியை எடுத்து சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூட அவளுக்கு வாசல் டாஃபடில் செடிகளின் கவலைதான். "வாடின பூவை மட்டும் கிள்ளு, இலைத்தாளைத் தொடாதே, பின்னி முடிச்சும் போடாதே, அதுவா மஞ்சளாகி, லேசா இழுத்தா கையோட வரணும்" என்று காரில் ஏறும்வரை சொன்னாள். நானும் தலையாட்டினேன். ஆனால் அவளை அங்கே சேர்த்துவிட்டு வந்த பிறகு தனியாக வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை சிக்னே, ஒரே நாளில் காரை இரண்டு முறை கழுவினேன், ரேடியோவைப் போட்டேன், அணைத்தேன். அப்போது பக்கத்து வீட்டு லோவெல் வேலியில் சாய்ந்துகொண்டு, "என்ன ஓர்லின், வாசல்ல வைக்கோல் போர் போட்டிருக்கே, மாடு வாங்கப் போறியா?" என்றான். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, புல்வெட்டியை எடுத்து அந்தச் செடிகள்மேல் ஓட்டிவிட்டேன். பாதியில்தான் சுயநினைவு வந்தது. அறுபட்டதில் பெரும்பாலும் பச்சை.

வியாழக்கிழமை அம்மா வந்தாள். காரிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குள் போகவில்லை, அங்கேயே நின்றாள். "தாளுதான்யா மண்ணுக்கடியில இருக்கற கிழங்குக்குச் சோறு போடுது, சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்பவே தட்டைப் புடுங்கிட்டியே" என்றாள். பிறகு மெதுவாக, "அடுத்த வருஷம் இந்தப் பக்கம் பூக்காது, அதுக்கடுத்த வருஷம் வேணா பாக்கலாம்" என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலி கொண்டுவரச் சொல்லி வெயிலில் உட்கார்ந்தாள். என்னை மண்டியிடவைத்து, வெட்டுப்பட்ட இடமெல்லாம் மக்கிய உரத்தைக் கையாலேயே தூவச் சொன்னாள். நான் வாளியில் தண்ணீர் எடுத்தபோது, "போதும்யா, இனிமே அது தூங்கற காலம், ஊத்தினா கிழங்கு அழுகிடும்" என்று அதட்டினாள். அந்த அதட்டல் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முடிவு சொல்கிறார்கள். உனக்குத் தெரியக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதையும் மீறிவிட்டேன். போனில் அழுதுவிடாதே, ஈரக் காலுறையோடு வேலைக்குப் போகாதே. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். லீவு கிடைத்தால் திங்கட்கிழமையே வந்துவிடு, ஏன் வந்தாய் என்று அம்மா கேட்டால் என்னைக் காட்டிக்கொடு, பரவாயில்லை.

உன் அப்பா
ஓர்லின்