கோமளா, பிரசவத்துக்கு இங்கே வராதே

அம்மையார்குப்பம்
9-8-1983

சௌபாக்கியவதி கோமளவல்லிக்கு நைனா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. பிலாயில் நீயும் மாப்பிள்ளை நாகேந்திரனும் உன் மாமியாரும் வயிற்றில் இருப்பதும் சௌக்கியமாக இருக்க தணிகை முருகன் துணை.

ஆவணியில் வந்து வளைகாப்பு போட்டு அழைத்து வருகிறேன், தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று போன கடிதத்தில் கண்டிப்பாக எழுதியிருந்தேன். அம்மா இல்லாத வீடு என்று யாரும் சொல்லக் கூடாதென்று உள் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, குழந்தையைக் குளிப்பாட்ட சின்னம்மாளிடமும் சொல்லி வைத்தேன். அம்மா போன பிறகு ஒரு ஆளுக்குச் சமைத்து ஒரு ஆளாகவே தின்று, நாள் முழுக்கத் தறிச் சத்தம் தவிர வேறு பேச்சுச் சத்தம் இல்லாமல் கிடக்கிற எனக்கு, நீ வருவாய் என்பது ஒன்றுதான் இருந்தது. இப்போது வராதே என்று எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாமல் முழுக்கப் படி.

எதிர்வீட்டுப் பெருமாள் மகள் கமலா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள் அல்லவா, ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் வலி எடுத்து பிரசவ விடுதியில் சேர்த்தார்கள். நர்ஸ் ரத்தினம்மாள் நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் பார்த்து, வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்று, சாய்கோடு இழுத்த ஒரு தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். நாம் சேலைக் கரைக்குப் பூ வரைகிற கட்டம் போட்ட தாள்தான் அது. கிருத்திகை அன்று காலை அதை எங்களிடம் காட்டி, "பாருங்க, புள்ளி கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போயிடுச்சு, மேல ஏறல. கத்தி வெச்சுதான் எடுக்கணும், இப்பவே திருவள்ளூருக்குக் கெளம்புங்க" என்றாள். அந்தத் தாளை அங்கே படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். புள்ளி நின்றுவிட்டது என்று எனக்கே தெரிந்தது. பெருமாள் என் முகத்தைப் பார்த்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "சம்பந்தியை ஒரு வார்த்தை கேட்டுக்கினு செய்யலாம், நாளைக்கு அவங்க பேச எடம் வெக்கக் கூடாது" என்றேன். பெருமாளின் மாப்பிள்ளையும் சம்பந்தியும் காவடி எடுத்துக்கொண்டு தணிகை மலைக்குப் போயிருந்தார்கள். தேடப் போனவன் அத்தனை ஜனத்தில் அவர்களைக் கண்டுபிடித்துக் கூட்டி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கார் கிளம்பியது. கமலா பிழைத்தாள். குழந்தை இல்லை. சம்பந்தி அழுதுகொண்டே, என்னை ஏன் கேட்டீர்கள், நானா வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்றார். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. தெருவில் கமலாவைப் பார்த்தால் உள்ளே வந்துவிடுகிறேன்.

நேற்று ரத்தினம்மாளிடம் போய் உன்னைப் பற்றிக் கேட்டேன். கல்யாணத்தில் போட்டோ எடுக்க உன்னைப் பலகை மேல் ஏற்றி நிறுத்தினோமே, அதைச் சொன்னேன். சிரிக்கவில்லை. நீ விட்டுப்போன செருப்பைக் கொண்டு வரச் சொல்லி சாணால் அளந்து பார்த்தாள். இவ்வளவு குள்ளம், இவ்வளவு சின்னப் பாதம் என்றால் இடுப்பெலும்பும் குறுகலாக இருக்கலாம், நிச்சயம் என்று இல்லை, தானாகவும் பிறக்கலாம், ஆனால் ஆபரேஷன் செய்கிற இடத்தில்தான் வலி எடுக்க வேண்டும் என்றாள். உன் அம்மாவும் உன் உயரம்தான், உன்னைப் பெற இரண்டு நாள் துடித்தாள் என்றேன், அதை முதலில் சொல்லக் கூடாதா என்று திட்டினாள். இங்கே அந்த வசதி இல்லை. உங்கள் உருக்காலைக் கம்பெனி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அங்கேயே இரு.

குறைத்துத் தின்றால் குழந்தை சின்னதாக இருக்கும், சுலபமாகப் பிறக்கும் என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டுச் சாப்பாட்டைக் குறைக்காதே. டாக்டரிடம் அம்மா விஷயத்தைச் சொல். பிறந்ததும் தந்தி கொடு, ரயிலேறி வந்து பார்க்கிறேன். அதுவரை செருப்பை உள் அறையிலேயே வைத்திருக்கிறேன், பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

முக்கியமாக ஒன்று. உன் மாமியார் மரியாதை தெரிந்தவர், பெண்ணைப் பெற்றவரைக் கேட்காமல் எப்படி என்று எனக்குத் தந்தி கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அது வேண்டாம். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையில் எடுத்துப் போ. மாப்பிள்ளையும் இதே போல் எழுதி உன்னிடம் கொடுக்கட்டும். என் மகள் கோமளவல்லிக்கு டாக்டர் எந்த நேரத்தில் கத்தி வைக்க வேண்டும் என்றாலும் எனக்குச் சம்மதம், என்னைக் கேட்க வேண்டியதில்லை.

நூறு வயது வரை பிள்ளையோடு இரு.

இப்படிக்கு,
முழுச் சம்மதத்துடன்,
உன் நைனா
வ. சிங்காரம்