பேனரில் ஏழாவது முகம்

ஆடி, இரண்டாம் ஞாயிறு.

எங்கள் சாதிச் சங்கம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் பெரிய பேனர் கட்டியிருக்கிறது. நீதிபதி, டாக்டர், கேமராமேன், கபடி வீரர் என்று ஏழு முகங்கள். ஏழு பெயருக்குப் பின்னாலும் ஒரே சாதிப் பட்டம். ஏழாவது முகம் நான். அந்தப் பட்டத்தை நானும் போட்டதில்லை, அப்பாவும் போட்டதில்லை. என் படத்துக்குக் கீழே 'விஞ்ஞானி' என்று மட்டும் இருக்கிறது. நான் செய்வது தோல் பதனிடும் ஆராய்ச்சி. 'தோல்' என்ற சொல்லை மட்டும் காணோம்.

சங்கத் தலைவருக்குப் போன் போட்டேன்.

"யாரைக் கேட்டு என் பேரோட அதை ஒட்டுனீங்க?"

"இன்னாம்மா, நம்ம பட்டம் தானே? பெருமை தானே?"

"அப்போ தோல்னும் போடுங்க."

"அது வாணாம்மா, பாக்க ஒரு மாதிரியா இருக்கும். வர்ற ஞாயித்துக்கிழமை விழா. அப்பாவையும் கூட்டினு வந்துடு."

இதே ஆள்தான் அக்கா கல்யாணத்துக்கு வந்து, மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமலே கிளம்பினார். அப்பா டேனரியில் தோல் ஊறவைக்கிறவராம். அந்த வீட்டில் கை நனைக்க மாட்டாராம்.

பேனரை இறக்காவிட்டால் நானே வந்து கிழிப்பேன் என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

திரும்பினால் அப்பா நிற்கிறார். கையில் விழா நோட்டீஸ். தோளில், அக்கா கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டு.

"சாப்பாடும் அங்கதானாம்மா" என்றார்.