மான் தின்னாத கிழங்கு

வெஸ்ட்லி, ஒஸ்லோ
08.10.2006

அன்பு மகள் கம்சாயினிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே நலம் என்று தொடங்கினால் முதல் வரியிலேயே பொய் வந்துவிடும். அதனால் நீ த்ரொம்சோவில் நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். அங்கே இப்போதே பனி கொட்டத் தொடங்கியிருக்கும். தொப்பி போடு. மருந்துக்கடையில் நிற்கிறவளே தடிமனோடு தும்மினால் சனம் மருந்தை நம்பாது.

ரெலிபோன் இருக்கக் கடிதம் ஏன் என்று நினைப்பாய். நான் ரெலிபோனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து இருந்துவிடுகிறாள். அவளைப் பற்றி அவளுக்கு முன்னால் கதைக்க எனக்கு வாய் வராது. இப்போது நித்திரை கொள்கிறாள், அதுதான் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள். ஓ.எல். சோதனையில் உன் அப்பன் தப்பிப் பிழைத்த ஒரே பாடம் தமிழ்தான், அதுவும் மயிரிழையில்.

ராசமலர் அக்கா உனக்குப் போன் எடுத்துச் சிரித்திருப்பா. கீழ் வீட்டில் இருந்துகொண்டு வெஸ்ட்லி முழுவதற்கும் ஒலிபரப்புச் செய்கிறவ அல்லவா. உன் அப்பன் கதிர்காமத்தம்பி பூக்கிழங்கை வெங்காயம் என்று வெட்டிக் கறி வைத்து, மனிசிக்கும் கொடுத்து, இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்த கதை கோயில் வரைக்கும் போய்விட்டது. போன வெள்ளிக்கிழமை பிரசாதம் கொடுத்த இரவீந்திரன், "அண்ணை, இது கடலைதான், பயப்பிடாமல் சாப்பிடுங்கோ" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். உனக்கு மட்டும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் கட்டடக் கூட்டத்தில் தலைவர் ஆர்னே ஏதோ நீளமாகக் கதைத்துவிட்டு என்னைப் பார்த்தார். விளங்காத இடத்தில் தலையாட்டுவது என் பழக்கம். ஆட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகுதான் தெரிந்தது, டுக்னாட் என்கிற சிரமதான நாளில் எல்லோரும் கூடி வாசல் பாத்தியில் நடுவதற்கு டஃபோடில் கிழங்கு வாங்கிவரும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது என்று. ஈஸ்டர் நேரத்தில் மஞ்சளாகக் குழல் வைத்துப் பூக்குமே, அதுதான்.

வேலை நாட்களில் அம்மா தனியே இருப்பது போதும் என்று அந்தச் சனிக்கிழமை அவளையும் பூங்கன்றுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டி பெட்டியாகக் கிழங்கு. வெள்ளை இதழில் செம்மஞ்சள் கிண்ணம் வைத்தது ஒன்று, குட்டை இனம் ஒன்று, பெரிய மஞ்சள் குழல் ஒன்று. எனக்குப் படங்களைப் பார்த்தே தலை சுற்றியது. கடைப் பெண் பொறுமைசாலி. உங்கள் பக்கத்துக் காற்றுக்குக் குட்டை இனம்தான் சாயாமல் நிற்கும், பாரமாகவும் இறுக்கமாகவும் இருப்பதை எடு, அமுக்கப் பதிகிறதை விடு என்றாள். மான் கூட இதைத் தின்னாது என்றும் சொன்னாள். ஏன் தின்னாது என்று நான் கேட்கவில்லை. மானுக்குப் பிடிக்காதாக்கும் என்று தலையாட்டினேன்.

நான் கைக்கு வந்ததை அள்ளிப் பையில் போட, அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். தானே தெரிந்தெடுக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்துப் பக்கத்தைப் பெருவிரலால் அமுக்கினாள், மணந்து பார்த்தாள், சருகைத் தட்டினாள். நல்லதைப் பையில் போட்டு, பூஞ்சணம் பிடித்ததைத் திரும்ப எறிந்தாள். ஒரு வருசமாகச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் நிற்கிறவள். உன் மனைவிக்குத் தோட்டம் நன்றாகத் தெரியும் என்று கடைப் பெண் சொல்ல, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ட்ரெயினுக்குள் இருந்து உனக்குப் போன் எடுத்து அம்மா தேறுகிறா என்று சொன்னேனே, அது அன்றைக்குத்தான்.

பையின் மேல் கடைப் பெண் பெரிய எழுத்தில் லோக் என்று எழுதியிருந்தாள். நோர்வேக்காரருக்குப் பூக்கிழங்கும் லோக், வெங்காயமும் லோக். நான் அந்தப் பையைக் குசினி மூலையில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தேன். எவ்வளவு கெட்டித்தனம் பார்.

அடுத்த நாள் நான் குளித்துவிட்டு வர, வீடு முழுக்கத் தாளித்த மணம். அம்மா அடுப்படியில் நின்றாள். சட்டியில் கறி கொதித்தது.

ஓம் பிள்ளை. சமைத்தது நான் இல்லை, அம்மா.

இந்த நாட்டில் அவள் முதலில் படித்த சொல் லோக். கன்ரீன் குசினியில் சாக்குச் சாக்காக வெங்காயம் உரித்தவள். இப்போது தமிழ்ப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடிக்கிறாள். அந்த ஒரு சொல் மட்டும் போகவில்லை. கடையில் அவள் பூவுக்குக் கிழங்கு தெரிந்தெடுக்கவில்லை, மகள். கறிக்கு வெங்காயம் தெரிந்தெடுத்தாள்.

கோப்பையில் போட்டுத் தந்து, "சாப்பிடுங்கோ, ஆறப் போகுது" என்றாள். முதல் வாயே கைத்தது. வெந்தயம் கருகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் கையால் வைத்த கறி. நல்லாயிருக்கு என்று சொல்லி இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன். அவளையும் சாப்பிட வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், அந்தக் கிழங்கு நஞ்சு என்று சொல்லிவிட்டு, சமைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். யோசிக்கவே இல்லை. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். என்னைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள்தானே. டுக்னாட் அன்று, கிழங்கு குறைகிறதே என்று ஆர்னே கேட்டதற்கும் தின்றுவிட்டேன் என்றேன். மழைக்குள் நின்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லையே.

ஆனால் போன புதன்கிழமை நான் வேலையால் வர வீடு நிறையப் புகை. வெறும் சட்டி அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. அம்மாவின் உள்ளங்கை கொப்பளித்துப் போயிருந்தது. "நோகுதே மனோ?" என்று கேட்டேன். "ஆருக்கு?" என்று கேட்டாள்.

இப்போது அடுப்பின் பியூசைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் கழுவும் வேலைக்குப் போகிறேன். கதவை வெளியால் பூட்டுகிறேன். இதை எழுதக் கை கூசுகிறது.

பத்தொன்பதாம் திகதி வியாழக்கிழமை காலை நகரசபையிலிருந்து ஒரு பெண் வருகிறா. அம்மா வீட்டிலே இருக்கலாமா, பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்புவதா என்று அன்றைக்குத்தான் முடிவு. ஆஸ்பத்திரிக் கடதாசி அவவின் கையில் இருக்கும். உண்மையைச் சொன்னால் அம்மாவைக் கொண்டுபோவார்கள். அங்கே அவித்த உருளைக்கிழங்கு. தண்ணி என்று அவள் கேட்டால் விளங்க ஒருத்தரும் இல்லை. சொல்லாவிட்டால் ஒரு நாள் நான் வரும்போது புகை மட்டும்தான் இருக்கும்.

கோடை லீவில் அம்மா உன்னைப் பார்த்து "இந்தப் பிள்ளை ஆர்?" என்று கேட்டதும், நீ குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாய். தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளும் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு நீ வரவில்லை. குறை சொல்லவில்லை, பிள்ளை. போக ஓர் இடம் இருந்தால் நானும் போயிருப்பேனோ தெரியாது.

வியாழக்கிழமை நீ எனக்குப் பக்கத்தில் இருந்தால் சமைத்தது யார் என்று சொல்லிவிடுவேன். நீ இல்லாவிட்டால் நான்தான் என்று திரும்பவும் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும்.

பிள்ளையார் உன்னைக் காக்கட்டும். நல்ல சுகத்தோடும் நல்ல ஞாபகத்தோடும் நீ நெடுநாள் இருக்க வேண்டும்.

உன் அப்பா,
கதிர்காமத்தம்பி